மீதி நாளைக்கு என்றவளுக்கு

புதுப் பத்திரிகையின் மை வாசனையும் நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு ஆகாது. இன்று உச்சிப்பொழுதில் அப்படித்தான் ஏறியது. நான் ராட்டையில் தறிக்கான ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வாரத்துப் பேய்க்கதையைப் படித்துக் காட்டினாள். பாழுங்கிணற்றுக்குள் வளையல் சத்தம் கேட்கிறது, ஒருவன் குனிந்து எட்டிப் பார்க்கிறான். அந்த இடத்தில் பத்திரிகையைப் பட்டென்று மூடி, "மீதி நாளைக்கும்மா" என்று சிரித்தாள். அறைந்துவிட்டேன்.

பதின்மூன்று வயதுப் பெண். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கிறாள். நான் என்னவென்று சொல்வேன்? அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்புச் செய்தவள் நீ. உன்மேல் விழ வேண்டிய அறை அது. பதின்மூன்று வருஷமாகக் கையிலேயே வைத்திருந்தேன், நீ கிடைக்காததால் அவள்மேல் விழுந்துவிட்டது.

நீ திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து அம்மாபேட்டைக்கு வாழ வந்தவள். வாய்க்கு வாய் 'ங்க' போடுவாய். பூனையைக்கூட "போங்க" என்று விரட்டுவாய் என்று தெருவே உன்னைக் கேலி பண்ணியது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் நாலு வீட்டுப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உன் அண்ணன் மேட்டூரில் அணைக்கட்டு வேலையில் இருந்தார். அவர் படித்து முடித்த பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டி உனக்குக் கொடுத்தனுப்புவார். அதில் நீ பேய்க்கதை, கொலைக்கதைகளை மட்டும் பொறுக்கி எடுப்பாய். சாமி கதையெல்லாம் கோயிலிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்பாய்.

காலையில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் வேலை முடிந்து, ஆம்பளைகள் சாப்பிட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கிய பிறகு, நாங்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடுவோம். படிப்பவள் கை சும்மா இருக்கக் கூடாது என்று உன் மாமியார் கறாராகச் சொல்லியிருந்தாள். அதற்குத்தான் அந்த ஏற்பாடு. நீ படிப்பாய், உன் பங்குத் தாரை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுப்போம். பயத்தில் யாராவது ராட்டையை நிறுத்தினால் நீயும் கதையை நிறுத்திவிடுவாய். கை ஓட ஓடத்தான் கதை ஓடும். உடம்பெல்லாம் புல்லரிக்கக் கை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு வீட்டு வேட்டிக்குள் எங்கள் பயமெல்லாம் நூலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எல்லாம் சரி. கடைசிப் பக்கம் வந்ததும் மூடிவிடுவாயே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. நீ மட்டும் முதல் நாளே அடுப்படியில் உட்கார்ந்து முடிவு வரைக்கும் படித்துவிட்டு வந்திருப்பாய். நாங்கள் கெஞ்சுவோம், திட்டுவோம். அசைய மாட்டாய். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு நீ சொன்னது நினைவிருக்கிறது.

"கதை முடிஞ்சு போச்சுன்னா நாளைக்கு நீங்க எதுக்குங்க வாரீங்க? நீங்க வராட்டி எங்க மாமியா பொஸ்தகத்தப் புடுங்கி அடுப்புல போட்டுருவாங்க புள்ள."

அது உண்மைதான். அதனால்தான் உன்னை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போனாய். பத்து நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு ஒரு கட்டுப் பத்திரிகையோடு வந்தாய். காய்ச்சலையும் அங்கிருந்துதான் கொண்டுவந்தாய். அணைக்கட்டு வேலைக்காரர்களில் பாதிப் பேருக்கு முறைக்காய்ச்சல் என்று நீயே சொன்னாய். கொசு பிடுங்கி எடுக்கிறது, அண்ணன்கூட கசப்பு மாத்திரை விழுங்குகிறார் என்றாய். அதையெல்லாம் நாங்கள் காதில் வாங்கினோமா? பத்திரிகைக் கட்டை எப்போது அவிழ்ப்பாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கதை எனக்கு வரி வரியாகத் தெரியும். ஒரு பெரிய வீட்டுக்கு ஒரு பெண் மருமகளாக வருகிறாள். அந்த வீட்டில் பூட்டிய அறை ஒன்று இருக்கிறது. தினமும் உச்சிவேளையில் அதற்குள்ளிருந்து ஒரு குரல் தண்ணீர் கேட்கிறது. அந்த அறையில் நாத்தனார் தூக்கு மாட்டிக்கொண்டு செத்ததாக வேலைக்காரி சொல்கிறாள். குரல் கேட்டுக் கேட்டு மருமகள் இளைக்கிறாள். சோறு இறங்கவில்லை. பிதற்றுகிறாள். கடைசியில் ஒருநாள் சாவியைத் திருடிக்கொண்டு போய்ப் பூட்டில் நுழைக்கிறாள்.

நீ படிக்க ஆரம்பித்த மறுநாள் உச்சிவேளையில் பத்திரிகை உன் மடியிலிருந்து நழுவியது. பல் கிட்டி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ரெண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. சாயங்காலம் வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டாய். அடுத்த நாள் நன்றாகத்தான் இருந்தாய். வந்து படித்தாய். சாவி பூட்டுக்குள் போகும் இடத்தில் நிறுத்திவிட்டு, "மீதி நாளைக்குங்க" என்று சிரித்தாய். உதடெல்லாம் வெடித்திருந்தது. அப்போது நான் ஆறு மாசக் கர்ப்பிணி. பிள்ளைத்தாச்சியின் ஆசையை மறுக்கக் கூடாது, முடித்துவிடு என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கையை உருவிக்கொண்டு எழுந்து போனாய்.

மறுநாள் அதே உச்சிவேளையில் நடுக்கம் திரும்ப வந்தது. இந்தத் தடவை காய்ச்சல் இறங்கவே இல்லை. கண் ஒரு பக்கம் சொருக, யார் யாரையோ கூப்பிட்டாய். பிறகு, "தண்ணி, தண்ணி" என்று ஆரம்பித்தாய்.

உன் மாமியார் என்னைக் கூப்பிட்டு, நீ என்ன பேசுகிறாய் என்று கேட்டாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அது ஒன்றுமில்லை, நாங்கள் படிக்கிற கதையில் வரும் பேயும் உச்சிவேளையில் இப்படித்தான் தண்ணீர் கேட்கும், அந்த நினைப்பில் பிதற்றுகிறாய் என்று சொன்னேன். இந்த நாக்கை அன்றைக்கே அறுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பேயோட்டும் கோடாங்கி உடுக்கையோடு வந்துவிட்டான்.

அவன் என்னை உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டான். உச்சிவேளை என்றதும் தலையை ஆட்டினான். சோறு இறங்கவில்லை என்றதும் ஆட்டினான். கதவைத் திறந்த பிறகு அந்தப் பேய் என்ன ஆனது என்று கேட்டான்.

"தெரியாதுங்க. கடைசிப் பக்கம் இன்னும் படிக்கலீங்க."

"அதான் சங்கதி. கதவத் தொறந்து உட்டுட்டுப் பாதியில நிறுத்திப்போட்டா. அது வெளிய வந்து இவ மேல ஏறிக்கிச்சு. தண்ணி குடுத்தீங்கன்னா தங்கிரும்."

மூன்று உச்சிவேளை தண்ணீர் காட்டக் கூடாது, அன்னம் காட்டக் கூடாது, மிளகாய்ப் புகை போட வேண்டும் என்றான். பத்திரிகையை யாரும் பிரிக்கக் கூடாது, ஏரியில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்றான். உன் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு மாட்டுவண்டி பிடித்தால் போதும். அந்த மகராசனுக்கு அது தோன்றவில்லை. ஒரு வாரப் பத்திரிகைக்காரன் எவனோ எங்கேயோ உட்கார்ந்து இட்டுக்கட்டிய பேய்க்கு, நிஜ வேப்பங்குழையால் உன்னை அடித்தார்கள். இப்போது எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் நாள் நான் உள்ளே வந்தேன். அதுதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் முந்தானைக்குள் ஒரு செம்புத் தண்ணீர் மறைத்துக்கொண்டு வந்தேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். பிதற்றவில்லை. என்னை அடையாளம் தெரிந்துதான் பார்த்தாய். "தண்ணி குடு புள்ள" என்றாய். செம்பை எடுத்தேன். அதற்குள் உன் மாமியார் வாசற்படியில் வந்து நின்றுவிட்டாள்.

"மாசமா இருக்கறவ நீ. குடுத்தீன்னா அவள உட்டுட்டு உன் வயித்துல ஏறிக்கும். அப்பறம் என்னைச் சொல்லாத."

அவள் கத்தக்கூட இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதற்கு முன்பு ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது, உனக்குத் தெரியும். செம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். என் வீட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை முருங்கைமரத்தடியில் ஊற்றினேன்.

உன் அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டால் வந்துவிடுவார் என்று தெரியும். எனக்கு எழுதத் தெரியாதே! என் புருஷனிடம் சொன்னதற்கு, அடுத்த வீட்டுப் பேய் சமாச்சாரத்தில் தலையிடாதே என்றார். மூன்றாம் நாள் உச்சி தாண்டியது. பேய் போய்விட்டது என்று கோடாங்கி சொன்னான். அப்போது நீயும் போயிருந்தாய்.

உன் அண்ணன் மறுநாள் காலையில் தானாகவே வந்தார். ஊர் போய்ச் சேர்ந்ததற்கு உன் கடுதாசி வரவில்லையே என்று மனசு கேட்காமல் வந்தவர். பத்திரிகைக் கட்டு ஒரு கையில். "கொயினா குடுத்தீங்களாங்க?" என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டார். சட்டைப் பையில் அந்தக் கசப்பு மாத்திரையை வைத்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். நானும்தான்.

ஏரியில் போடச் சொல்லி என்னிடம்தான் அந்தப் பத்திரிகையைக் கொடுத்தார்கள். போட்டுவிட்டதாக உன் மாமியாரிடம் சத்தியம் செய்துவிட்டு, புடவைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். சத்தியம் செய்த பிறகு யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? ஏழு வருஷம் அப்படியே கிடந்தது. என் மகள் பள்ளிக்கூடம் போய் வந்து சிலேட்டில் எழுதும்போது அவள் பின்னால் உட்கார்ந்து நானும் எழுதினேன். அம்மாவுக்கு 'ழ' வரவில்லை என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வந்தது. எல்லா எழுத்தும் வந்த பிறகு ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பேய் இல்லை. அறைக்குள் இருந்தது நாத்தனார்தான், உயிரோடு. அவள் பங்குச் சொத்துக்காக வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள். மருமகள் கதவைத் திறந்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயில் ஊற்றுகிறாள். அவள் குடிக்கிறாள். கதை அவ்வளவுதான்.

அடிப்பாவி! நீ இதை அடுப்படியிலேயே படித்துவிட்டாய். தண்ணீர் கேட்டது மனுஷி என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தால் கோடாங்கியிடம் சொல்லியிருப்பேனே. குறைந்தது உன் வாயில் அந்தச் செம்பைக் கவிழ்த்திருப்பேனே. பத்து வரி. நீ எனக்குத் தராமல் போன பத்து வரி.

போன மாசி மாதம் உன் மாமியார் படுக்கையில் விழுந்தாள். உன் புருஷன், நீ போன மறு வருஷமே கட்டிக்கொண்டவளோடு ராசிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கிழவி தண்ணீர் கேட்பது எனக்குக் கேட்டது. உச்சிவேளைதான். நான் உடனே எழுந்திருக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இன்னும் இரண்டு தரம் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் தரம் அது உன் குரல் மாதிரி இருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதலில் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு, கொண்டுபோயிருந்த பத்திரிகையைப் பிரித்து அந்தக் கடைசிப் பக்கத்தை அவள் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். கொல்ல வேண்டும் என்ற கோபத்தோடுதான் படித்தேன். கிழவி முழுக்கக் கேட்டாள். மோட்டுவளையைப் பார்த்தபடி சொன்னாள்:

"இத அன்னிக்கே படிச்சுக் காட்டியிருக்கலாமில்லடி."

உன்னிடம் நான் கேட்க நினைத்த அதே கேள்வி. இரண்டு நாளில் அவளும் போய்விட்டாள்.

இன்று அறை வாங்கிய மகள் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கீழே கிடந்த பத்திரிகையை எடுத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து, கிணற்றுக் கதையின் முடிவை நானே அவளுக்குப் படித்தேன். கிணற்றுக்குள் ஒரு குரங்கு, அதன் கையில் யாரோ தொலைத்த வளையல். "இதுக்காம்மா அடிச்ச?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு அவளுக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன், முதலிலிருந்து, எங்கேயும் நிறுத்தாமல். செம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்ததையும் சொன்னேன். அவள் என் வயிற்றில் இருந்ததால்தான் அப்படி வந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.