ஞாயிற்றுக்கிழமை எடை

பல்லடம்,
மாசி 3.

அன்புள்ள கண்ணு அக்ஷிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். போனில் கூப்பிட்டால் என் வாய் தானாகச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறது, நீயும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

ஷெட்டில் புதுக் கோழிக்குஞ்சு இறங்கிப் பதினெட்டு நாளாகிறது. வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டதால் அப்பா கூரைமேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். குஞ்சு கொடுத்த கம்பெனியின் சூப்பர்வைசர் சுரேந்தர் வாரம் தவறாமல் வந்து, நாலு குஞ்சைப் பிடித்து எடை போட்டு, கதவில் தொங்கும் அட்டையில் எழுதிவிட்டுப் போகிறார். நேற்று அவர் எழுதும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

புதன்கிழமை சென்னையிலிருந்து உன் ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டார். நீ லேபில் மயங்கி விழுந்ததையும், உடம்பில் சத்தே இல்லை என்று டாக்டர் திட்டியதையும் சொன்னார். சோறு, நெய், கடலை எதையும் ஒதுக்கக்கூடாது என்றாராம். நீ அவரிடமே, அரிசி விஷமுங்க டாக்டர் என்றாயாம். அம்மா வரவேண்டாமென்று சொல்லுங்க என்று வார்டனிடமும் சொன்னாயாம். அன்றே பஸ் ஏறாமல் நான் இருப்பது அதனால்தான்.

அரிசி விஷம் என்பது உன் பேச்சே இல்லை. பத்தாவது படிக்கும்போது உன்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோமே, அந்த டயட்டீஷியன் அம்மா சொன்னது. அவிநாசிக் கல்யாணத்தில் ஒருத்தி, உங்க அம்மணி நல்லா ஊதிப்போச்சுங்க என்றதைப் பொறுக்காமல் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஐந்து நிமிஷம்கூட அவர் உன்னைப் பார்க்கவில்லை. அரிசியும் தேங்காயும் கண்ணிலேயே காட்டாதீங்க என்றார். நம்ம தோட்டத்துத் தேங்காயா ஆகாது என்று அப்பா முணுமுணுத்தார். படிச்சவங்க சொன்னா கேட்டுக்கோணுமுங்க என்று அவர் வாயை அடைத்தேன். இப்போது இன்னொரு படித்தவர் நேர்மாறாகச் சொல்கிறார். இரண்டு பேரும் சரி என்றால், நடுவில் தப்பு செய்தவள் நான் ஒருத்திதானா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஆனால் அந்த அம்மா சொன்னதோடு நான் நிற்கவில்லையே. குஞ்சு வளர்க்கிற புத்தி. ஞாயிறுதோறும் உன்னைத் தீவன மூட்டை நிறுக்கும் மிஷினில் ஏற்றி, ஷெட் அட்டையின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். எடை குறைந்த வாரம் உன் தலையைத் தடவினேன். கூடிய வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை கண்ணு, நானாகவே செய்தேன்.

பொங்கலுக்கு நீ வந்தபோது அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன். சாப்பிட்டுட்டேனுங்கம்மா என்று தட்டைக் கழுவி வைத்தாய். சாயங்காலம் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நம் நாய் உன் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. அதை அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. உன்னைக் கேட்கவும் பயமாக இருந்தது. என்ன கேட்டாலும் தப்பாகிவிடுமோ என்றுதான் இன்றுவரை இருக்கிறேன்.

நீ வேண்டாமென்றாலும் அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். முறுக்கு, பருப்புப்பொடி, நெய் எதுவும் கொண்டுவரமாட்டேன். பெற்ற பிள்ளையைப் பார்க்க நான் வெறுங்கையோடு வருவது இதுதான் முதல்முறை. ஹாஸ்டல் கேட் வரைக்கும் வந்து, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார் சாமி. பேசக்கூட வேண்டாம்.

உன் அம்மா