மேல்வீட்டுத் தண்ணீர்

ஜனவரி 11, ஞாயிறு

கூடத்துச் சுவரின் கறை, போன ஞாயிறு நான் பென்சிலால் போட்ட கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே ஏறிவிட்டது. பூச்சு உப்பி, தொட்டால் மாவாக உதிர்கிறது. மண்சரிவு வராத இடமாக இருக்க வேண்டும், கொங்கிறீட்டாக இருக்க வேண்டும் என்று பதுளை முழுக்கப் பல வருடம் தேடி, இந்தத் தொடர்மாடியில் இரண்டாம் மாடி வீட்டை வாங்கினேன். குடிவந்து பத்து மாதம்கூட ஆகவில்லை.

அம்மா பையைக் கட்டி வைத்துவிட்டார். தெமோதரைக்கு, தம்பி ஜோன்சன் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே போகிறாராம். "நனைஞ்ச சொவத்துப் பக்கத்துல நான் படுக்க மாட்டேன் நிலு. அந்த வாசம் எனக்குத் தெரியும்." தெரியும்தான். சித்தியும் பிள்ளைகளும் மீரியபெத்தவில் மண்ணோடு போன பிறகு, அம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் முகர்ந்து பார்க்கிறார். மாத முடிவுக்குள் காய வைத்துக் காட்டுகிறேன், அதுவரை இருங்கள் என்று கெஞ்சி நிறுத்தியிருக்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியும். மேல்வீட்டு றுஸைனாவின் குளியலறை சரியாக இந்தச் சுவருக்கு மேலேதான் இருக்கிறது. லயத்தில் பிறந்தவளுக்கு இதையெல்லாம் ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? தண்ணீர் மேலேயிருந்துதான் வரும். கூரைத் தகரம் எங்கே ஓட்டையோ அதற்குக் கீழே சட்டியை வைப்போம்.

ஜனவரி 13, செவ்வாய்

கட்டிடக் குழு, குழாய் வேலை செய்யும் ஸலீம் பாஸை அனுப்பியது. மேலே போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து, "மேல எல்லாம் காஞ்சு கெடக்கு டீச்சர்" என்றார். பிறகு என் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அதில் மாட்டியிருந்த ஆண்டவரின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இத ஒருக்கா எறக்கலாமா?" என்று கேட்டார். நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றோம்.

குடிவந்த அன்று பாதர் வந்து, ஜெபம் சொல்லி, இந்த வீட்டையே ஒப்புக்கொடுத்த படம் அது. வீட்டை விட்டுப் போகும்போதுதான் அதை இறக்குவோம். லயத்தில் வெள்ளையடித்தால்கூடப் படத்தைச் சுற்றித்தான் அடிப்போம். ஸலீம் பாஸ் தலையாட்டிவிட்டு மற்ற இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

படத்தின் தாள் ஒரு ஓரமாக நெளியத் தொடங்கியிருக்கிறது. அதற்கும் மேல்வீடுதான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஸலீம் பாஸ் றுஸைனாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்படியென்றால் காய்ந்துதான் கிடக்கும்!

ஜனவரி 15, வியாழன்

மழை. அம்மா சமையலறையில் பாய் விரித்துப் படுக்கிறார்.

ஜனவரி 17, சனி

குழுக் கூட்டம். சுவரைப் போனில் எடுத்த படங்களைக் காட்டிப் பேசினேன், நன்றாகவே பேசினேன். றுஸைனா, "நாலு வருஷமா இருக்கோம் டீச்சர், ஒரு சொட்டு கீழ எறங்கினதில்ல" என்று மட்டும் சொன்னாள். அது விடைதான், செய்முறை எங்கே? என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் புள்ளி போடுவேனா?

முடிவு தெரியும்வரை மேல்வீட்டுக் குளியலறைக்குப் போகும் தண்ணீரை மூடுவதாகத் தீர்மானம். கூட்டம் முடிந்த கையோடு மூடினார்கள். அவளுடைய மாமியாருக்கு முழங்கால் முடியாது. சமையலறையிலிருந்து வாளியில் சுமந்துதான் குளிப்பாட்ட வேண்டும். கஷ்டம்தான். எனக்கு மட்டும் கஷ்டமில்லையா? என் அம்மாவும்தான் தரையில் கிடக்கிறார்.

ஜனவரி 24, சனி

மூடி ஒரு வாரம். சுவர் காயவில்லை. கறை இன்னும் நாலு விரல் கூடியிருக்கிறது! களவாகத் திறக்கிறார்கள். வேறு எப்படி?

எரிச்சல் தாங்காமல் கட்டிடத்து வட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன்: "தீர்மானத்தை மீறி இரகசியமாகத் தண்ணீர் திறப்பவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்கிறவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வெட்கமாக இருக்கிறது." எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பினேன். பத்தொன்பது பேர் பார்த்தார்கள்.

மாலையில் படிக்கட்டில் றுஸைனா நின்றாள். கண் சிவந்திருந்தது. "அல்லாஹ் அறிய நாங்க தொறக்கல்ல டீச்சர். வெளியால ஒரு ஆளக் கூட்டி வந்து பாருங்க. ஒங்க ஆளாவே இருக்கட்டும். நேர்மையா சொன்னாச் சரி." கட்டாயம் கூட்டி வருகிறேன் என்றேன். அவள் முகத்துக்கு நேராக அறிக்கையை நீட்டுகிற காட்சிகூட மனதில் வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

பண்டாரவளையிலிருந்து ஷெல்டன் என்று ஒரு இன்ஜினியர். நீர்க்கசிவு பார்ப்பதுதான் அவர் தொழில். எனக்கும் தெரியாதவர், றுஸைனாவுக்கும் தெரியாதவர். சனிக்கிழமை வருகிறார். அம்மாவிடம் கேட்டு வாங்கிய தவணையில் இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது.

ஜனவரி 31, சனி

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஷெல்டன் முதலில் மேலேதான் போனார். குளியலறைக் குழாயில் ஒரு அழுத்தமானியைப் பூட்டி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழு, விழு என்று மனதுக்குள் சொன்னேன். ஒரு மணி நேரம். முள் அசையவில்லை. தரைக்குச் சாயத்தண்ணீர் ஊற்றினார், அதுவும் எங்கும் இறங்கவில்லை. மூலையில் நான்கு வாளிகள் வரிசையாக இருந்தன. றுஸைனாவின் மாமியார் கதிரையில் இருந்தபடி எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

பிறகு என் வீடு. அலுமாரியைத் தள்ளச் சொன்னார். அதற்குப் பின்னால் தரைவரைக்கும் சுவர் கறுத்து ஊறிப்போயிருந்தது. நான் பார்க்கவே இல்லை. மேலே ஏறியதை மட்டும் வாராவாரம் பென்சிலால் கோடு போட்டு அளந்துகொண்டிருந்தேன்.

"மேலேருந்து வந்திருந்தா மேலதானே கூட ஈரம் இருக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார். ஈரம் காட்டும் கருவியைச் சுவரில் வைத்து வைத்து நகர்ந்தார். திருஇருதயப் படத்தின் பக்கத்தில் அது கத்தத் தொடங்கியது.

"அம்மா, படத்த எடுக்கணுமே."

நான் வாயைத் திறக்குமுன் அம்மா எழுந்து வந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். தன் கையாலேயே படத்தை இறக்கினார்.

பின்பக்க அட்டை முழுக்கப் பூஞ்சணம். சுவரில் ஒரு ஆணி, துருவேறி, அதன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கவே அது திரண்டு இறங்கியது. அடுத்த சொட்டு வந்து நின்றது.

என் குளியலறைக் குழாயில் மானியைப் பூட்டினார். பத்து நிமிஷத்தில் முள் பாதிக்கு விழுந்தது.

"உள்ளுக்குள்ள பைப் போகுது. ஆணி நேரா அதுல எறங்கியிருக்கு. ஆணியே ஓட்டைய அடைச்சிருந்ததால அப்ப தெரியல்ல. துரு பிடிச்சப் பெறகு கசிய ஆரம்பிச்சிருக்கு. யார் அடிச்சது?"

நான்தான். நானே அடித்தேன். லயத்துச் சுவரில் ஆணி நிற்காது, சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டும். இந்தச் சுவரில் அடித்தபோது ஆணி நின்ற நிலையைப் பார்த்து, "பாருங்கம்மா, இதுதான் சொந்தச் சொவரு" என்று சொன்னேன். இன்னும் ஒரு அடி சேர்த்து அடித்தேன். அந்த ஒரு அடிகூட ஞாபகம் இருக்கிறது.

பெப்ரவரி 1, ஞாயிறு

அறிக்கை வந்துவிட்டது. நான் அழைத்ததால் எனக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கிறார். மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

சுவரை வெட்டாமல் வெளிப்பக்கமாகப் புதுக் குழாய் போட்டுவிட்டால் சுவர் தானாகக் காயும். "சரியாகிவிட்டது" என்று ஒரு வரி எழுதினால் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இது பொய்யா? பொய் இல்லை. பொய்தான்.

பூசைக்குப் போனேன். ஒன்றும் காதில் விழவில்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்

"மேல சொல்லிட்டியா?" என்று அம்மா கேட்டார். பாடசாலையில் வேலை கூட என்றேன்.

"அந்தப் புள்ள வாளி தூக்குற சத்தம் எனக்குக் கேக்குது. ஒனக்குக் கேக்கலியா?" பையை எடுத்துக் கதவடியில் வைத்தார். "ஈரத்துக்குப் பயந்து கட்டுன பை இது. இப்ப ஈரத்துக்காகப் போகல. நீ சொல்றியா, நான் சொல்லிட்டுப் போகவா?"

முப்பத்தெட்டு வயதில் அம்மாவிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. கோபம் வந்தது. அம்மா மேல் இல்லை, ஷெல்டன் மேல்கூட இல்லை. அந்த ஆணி மேல். ஆணி என்ன செய்யும்?

பெப்ரவரி 4, புதன்

விடுமுறை. அறிக்கையோடு மேலே போனேன். றுஸைனா நின்றபடியே முழுவதும் படித்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. மன்னிச்சிருங்க என்றேன்.

"எனக்கிட்டத் தனியாச் சொன்னா எப்படி டீச்சர்? பொய்க்காரின்னு எல்லாருக்கும் முன்னாலதானே எழுதினீங்க."

ஸலீம் பாஸ் அன்றே படத்தை இறக்கலாமா என்று கேட்டதை நானே சொன்னேன். "தெரியும்" என்றாள். "சாமி படம், நாம எப்படிக் கட்டாயப்படுத்துறது என்டு சொன்னாரு." கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 5, வியாழன்

ஏழு தடவை எழுதி அழித்தேன். "தவறு ஏற்பட்டுவிட்டது" என்றுதான் ஒவ்வொரு தடவையும் கை எழுதுகிறது. ஏற்பட்டுவிட்டதாம்! கடைசியில் இப்படி அனுப்பினேன்: "கசிவு என் வீட்டுக் குழாயில். ஆணி அடித்தது நான். றுஸைனா தண்ணீர் திறக்கவே இல்லை. பொய் சொன்னது அவர் அல்ல, அவரைப் பொய்க்காரி என்று எழுதியது நான். ஸலீம் பாஸ் கேட்டபோதே படத்தை இறக்கியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்." அறிக்கையையும் இணைத்தேன்.

பத்தொன்பது பேரும் பார்த்தார்கள்.

அம்மாவின் பை கதவடியிலேயே இருக்கிறது. ஆனால் அம்மா போகவில்லை.

பெப்ரவரி 7, சனி

குழு தண்ணீரைத் திறந்துவிட்டது. ஆனால் மேலே குழாய்ச் சத்தமே இல்லை. வாளிச் சத்தம்தான் கேட்கிறது. திறந்து கொடுத்த தண்ணீரையும் தொடமாட்டாளா?

பெப்ரவரி 14, சனி

ஸலீம் பாஸ் சுவரை வெட்டிக் குழாயை மாற்றினார். நான் கேட்டபோது ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வந்தார், அதுவே குத்துகிறது. றுஸைனா இறங்கி வந்து வாசலில் நின்று ஓட்டையைப் பார்த்தாள். அம்மா ஆணியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு" என்றாள். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெப்ரவரி 22, ஞாயிறு

ரமழான் நோன்பு தொடங்கிவிட்டது. குடிவந்த புதிதில், போன வருடம், றுஸைனா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். இந்த வருடம் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை, கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

சுவர் வெளுத்துக்கொண்டு வருகிறது. புதுப் பூச்சை அம்மா முகர்ந்து பார்த்தார். படத்தை எங்கே மாட்டலாம் என்று கேட்டேன். "மேசையிலயே இருக்கட்டும். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார்.

மாலையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, இத்தனை நாளில் முதல் தடவையாக மேலே குளியலறைக் குழாய் திறந்தது. சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. போன மாதம் இந்தச் சத்தம் கேட்டிருந்தால் போனைத் தூக்கியிருப்பேன். பேனாவை வைத்துவிட்டு, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் கேட்டார். எழுந்து போய், கதவடியில் இருந்த பையை எடுத்து அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் வைத்தார்.