தலைக்கு மேல் கார்

செவ்வாய்க்கிழமை

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் பார்க்கிங் இரண்டு அடுக்கு. கீழே எங்கள் சின்னக் கார். அதன் தலைக்கு மேல், இரும்புத் தட்டில், மூன்றாம் மாடி மாமாவின் கார். இன்று காலை அவருடைய புது பேட்டரி கார் அங்கே ஏறியது. தட்டு முனகியது.

“மாமா, தட்டு எவ்வளவு வெயிட் தாங்கும்னு தூண்ல எழுதியிருக்கே, பாத்தேளா?” என்று கேட்டேன்.

“பேட்டரி கனம்தாம்மா. உன் காரை மடியில வச்சுக்கலாம், இது அப்படியா? உள்ள இருக்கறவாளுக்கு நல்ல சேஃப்டி,” என்று சிரித்தார்.

உள்ளே இருப்பவர்களுக்கு. நான் தினமும் அந்தத் தட்டின் அடியில் குனிந்துதான் என் மூன்று வயது மகள் நித்திலாவுக்கு பெல்ட் போடுகிறேன்.

யோசித்து அலுத்துவிட்டது. நாளையிலிருந்து காரை வெளியே எடுத்த பிறகே அவளை ஏற்ற வேண்டும். அதுவரை அவள் தெரு கேட் அருகே தனியாக நிற்பாள். தெருவில் போகிற கார்களும் இப்போது மாமாவின் கார் மாதிரி கனமானவைதான்.