நாதாங்கி இல்லாத பெட்டி

இயேசு மரி சூசை

ராயபுரம்,
1972 செப்டம்பர், புதன்கிழமை.

பெஸவாடா லாரி ஆபீசில் இருக்கும் என் மகன் லூயிசுக்கு அம்மா இருதயம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நானும் உன் தங்கச்சி ரோசியும் சுகம். உன் சுகத்தை ஷாகுல் ஹமீது அண்ணன் வந்து சொன்னார். உன் அப்பாவோடு ஹார்பர் லோடு அடித்த பழக்கம், மெட்ராஸ் வந்து இறங்கினால் தன் வீட்டுக்குப் போகும் முன்னே நம் இட்லிக் கடையில் வந்து உட்கார்ந்து உன் சேதியைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். நீ இளைத்துவிட்டாய் என்றார். அந்த ஊர் காரத்துக்கு வயிறு எரியும். மோர் வாங்கிக் குடி. டீயைக் குறை.

ரோசி தையல் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டாள். இப்போது தெருவில் யார் ஜாக்கெட்டைப் பார்த்தாலும் குறை சொல்கிறாள். பக்கத்து வீட்டு ஃப்ளோராவுக்கு மூன்றாவதும் பெண். அவள் புருஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நான் போய், "புள்ளைய பெத்தவளே சிரிச்சிகினு கீறா, உனக்கு இன்னாடா பேஜாரு?" என்று கேட்டேன். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

அடுத்த மாசம் அப்பாவுக்கு முதல் வருஷப் பூசை. ராயப்பர் கோயிலில் சொல்லிவிட்டேன். லோடு தோதுப்பட்டால் வா. தோதுப்படாவிட்டால் எங்கே இருக்கிறாயோ அங்கே வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஜெபம் பண்ணு. வருத்தப்பட மாட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதைக் கவனமாகப் படி.

ஷாகுல் அண்ணன் உன்னைப் புகழ்ந்துதான் பேசினார். "உன் புள்ள பலே உஷாரு தங்கச்சி. அப்பன் மாதிரியே பொட்டிக்குப் பூட்டு போட்டு, சாவிய அரைஞாணுல கட்டிகினு கீறான். ஒருத்தன் கை வைக்க முடியாது" என்றார். நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பாவம், அதைச் சந்தோஷம் என்று நினைத்து இன்னொரு இட்லி கேட்டார்.

லூயிசு, அப்பா லாரியில் வைத்திருந்த அந்தச் சாமான் பெட்டியை நான் உனக்கு அனுப்பியபோது அதில் பூட்டு மாட்ட நாதாங்கியே கிடையாது. கொருக்குப்பேட்டை கொல்லுப்பட்டறைக்குத் தலையில் சுமந்து போய் ஆறுமுகநயினாரிடம் கொடுத்து அதைப் பிடுங்கச் சொன்னேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எல்லாரும் பூட்டு மாட்டத்தாம்மா என்கிட்ட வருவாங்க. நீ இன்னா, திருடனுக்கு அக்காவா?" என்று கேட்டார். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, கையால் தள்ளினால் திறக்கிற மாதிரி ஒரு கொக்கி மட்டும் வைக்கச் சொல்லி வாங்கி வந்தேன். நீ அங்கே போய் யாரிடமோ சொல்லி மறுபடியும் நாதாங்கி அடித்திருக்கிறாய். உன்மேல் கோபம் இல்லை. ஹார்பர் கேட்டில் வண்டி வரிசையில் நிற்கும்போது ஸ்பேனர் களவு போகும். இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லாருக்கும் பெட்டிக்குப் பூட்டு, இடுப்பில் சாவி. உன் அப்பாவும் அப்படித்தான். நீ அவரைப் பார்த்து வளர்ந்தவன்.

அப்பா விபத்தில் போனார் என்று உனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று சொல்லவில்லை. அப்போதுதான் நீ வண்டி பழகிக்கொண்டிருந்தாய். சூளூர்ப்பேட்டை டீக்கடை மாரியப்பன் அவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது என்னிடம் சொன்னது இது. மழையில் வண்டியின் ஸ்பிரிங் பட்டை உடைந்து, அதைப் பார்க்க அப்பா வண்டிக்கு அடியில் போயிருக்கிறார். சக்கரத்துக்குக் கல்தான் வைத்திருந்தார். சேற்றில் கல் நழுவி வண்டி அவர் இடுப்பின் மேல் இறங்கிவிட்டது. பகல் வேளை. சனங்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஜாக்கி, கயிறு, கட்டுப் போடத் துணி, எல்லாம் பெட்டியில் இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"பொட்டிய ஒடைங்கடான்னு அண்ணன் தெம்பாத்தான் சொன்னாரும்மா. கல்லால அடிச்சோம், கம்பியால நெம்பினோம், வரல" என்று மாரியப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. உன் அப்பா எதையும் மட்டமாக வாங்க மாட்டார். பூட்டும் அப்படித்தான். வேறு லாரி வந்து ஜாக்கி போட்டுத் தூக்குவதற்குள் ரத்தம் எல்லாம் போய்விட்டது.

அதனால்தான் அந்தப் பெட்டியைக் காலி பண்ணி என் கையால் புதிதாக அடுக்கினேன். முட்டுக்கட்டை இரண்டும் வேல மரம். மேலாக வைத்திருக்கிறேன். கட்டையை வைக்காமல் வண்டிக்கு அடியில் தலையை விடாதே, கல்லை நம்பாதே. சிவப்புக் கண்ணாடி விளக்குக்கு மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கிளம்பும்போதே ஆட்டிப் பார். தீப்பெட்டியை மெழுகு தடவிய டப்பாவில் போட்டிருக்கிறேன், மழையில் நனையாது. டிங்க்சர் பாட்டில் உடையாமல் இருக்கச் சாக்கில் சுற்றியிருக்கிறது. அவலும் வெல்லமும் வழியில் மாட்டிக்கொண்டால் தின்ன. சும்மா இருக்கும்போது தின்று தீர்த்துவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

கட்டுப் போட வைத்திருக்கும் துணி அப்பாவின் வேட்டி. பண்டிகைக்குக் கட்டுகிற நல்ல வேட்டிதான். கொதிக்க வைத்துக் காய வைத்துக் கிழித்தேன். ரோசி வேண்டாம் என்று அழுதாள். அவர் ஞாபகமாக நீயும் அதை மடித்து வைத்துக்கொண்டிருக்காதே. உனக்கோ ரோட்டில் வேறு யாருக்கோ ரத்தம் வந்தால் எடுத்துக் கட்டு. தீர்ந்துபோனால் எழுது, இன்னொன்று இருக்கிறது.

பெட்டி களவு போகுமே என்பாய். போகட்டும். ஜாக்கி போனால் ஜாக்கி வாங்கலாம். எத்தனை தடவை போனாலும் நான் வாங்கித் தருகிறேன். இட்லிக் கடை நன்றாக நடக்கிறது, உன் அம்மா ஒன்றும் ஓய்ந்து போகவில்லை.

இந்தக் கடிதம் ஷாகுல் அண்ணன் கையில் வருகிறது. அப்பா விஷயத்தை அவரிடமும் சொல்லிவிட்டேன். கேட்டதும் தன் இடுப்பில் இருந்த சாவியை அறுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். நீ படித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவர் கண் முன்னால் பூட்டைக் கழற்று. நாதாங்கியையும் நெம்பி எடு. உன்னோடு ஓட்டுகிற பிள்ளைகளிடமும் சொல்.

நீ நல்லாத்தான் ஓட்டுவாய். சவரிநாதன் மகனுக்கு ஸ்டீயரிங் பிடிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதா உன் வண்டிக்கு முன்னால் போகட்டும். என்றைக்காவது உனக்கு ஒன்று ஆனால், ஓடி வருகிற சனங்களின் கைக்குப் பெட்டியில் இருப்பதெல்லாம் எட்டட்டும்.

உன்னைப் பெற்றவள்,
இருதயம்மாள்