அப்பா பரப்பிய தூள்

வால்மோரா, 9 பிப்ரவரி 1991

அன்புத் தம்பி ஒத்தாவியோவுக்கு,

அக்கா தெல்ஃபீனா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஜெனோவா போனதிலிருந்து உனக்கு அக்கா ஞாபகமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அதோடு சரி!

உன் செல்ல மருமகள் மிரெல்லாவுக்குப் பதினாலு வயசாகிவிட்டது, தனி அறை வேண்டுமாம். பரணை அறையாக்கப் போகிறோம். அங்கே அப்பா பரப்பிய சாம்பல் தூள் கணுக்கால் உயரம் கிடக்கிறது. ஈஸ்டர் முடிந்ததும் உன் அத்தான் எஜிதியோ அள்ளிக் கொட்டுவார். நீ தச்சன்தானே, வந்து கை கொடு. உனக்குக் கறி பொதிந்த அன்யொலோத்தி செய்து வைக்கிறேன்.

உன் அக்கா,
தெல்ஃபீனா

ஜெனோவா, 18 பிப்ரவரி 1991

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் பாதியில் வைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் முழுதும் படி. அந்தத் தூளைத் தொடாதே, அத்தானையும் தொடவிடாதே. அது ஆஸ்பெஸ்டாஸ் ஓடு அறுக்கும்போது உதிர்ந்தது. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் சும்மா கிடைக்கிறது என்று ஊரே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தது. பரணில் போட்டால் கதகதப்பு, முற்றத்தில் போட்டால் சேறு இல்லை.

இங்கே துறைமுகத் தொழிலாளிகளைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டேன். "அந்தத் தூள்ல இருக்கிற நாரு கண்ணுக்கே தெரியாதுப்பா. மூச்சோட உள்ள போனா உள்ளயே தங்கிடும். முப்பது நாப்பது வருஷம் கழிச்சு நுரையீரல் உறையில புத்துநோயா கிளம்பும். நிறைய சுவாசிச்சவனுக்கு ஆபத்து அதிகம். அதுக்காகக் கொஞ்சம்னா பரவாயில்லன்னு நினைச்சிடாதே" என்றார். என் சட்டைப்பையில் சிகரெட்டைப் பார்த்ததும் கத்தினார். "இது வேறயா? தூளும் புகையும் சேர்ந்தா, நுரையீரல் புத்துக்கு நீயே வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி!"

அம்மா தொழிற்சாலை வாசலைக்கூட மிதித்ததில்லை. அப்பாவின் வேலை உடுப்பை உதறித் துவைத்தாள், அவ்வளவுதான். மார்பில் நீர் கோத்துச் செத்தாளே, இதனால்தான் இருக்கும் என்கிறார் டாக்டர்.

உன் தம்பி,
ஒத்தாவியோ

வால்மோரா, 27 பிப்ரவரி

ஒத்தாவியோ,

இன்று அன்பெல்லாம் கிடையாது. அம்மாவை அப்பா கொன்றார் என்கிறாயா? அந்தத் தூளிலேயே காலமெல்லாம் வேலை பார்த்தவர் எண்பது வயது வரை ஒயின் குடித்துக்கொண்டு கல்தூண் மாதிரி இருந்தார். அவருக்கு வராதது அம்மாவுக்கு மட்டும் எப்படி வரும்? நாம் குளிரில் நடுங்கக் கூடாது என்று தோளில் சுமந்து வந்தாரடா! ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை வேலை ஆரம்பம். நீ வர வேண்டாம்.

தெல்ஃபீனா

ஜெனோவா, 8 மார்ச்

அக்கா,

அப்பா கொல்லவில்லை. அவருக்குத் தெரியாது; தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லவில்லை. ஒரே மழையில் நனைந்தாலும் எல்லாருக்குமா ஜுரம் வருகிறது? அவர் தப்பினார், அம்மா தப்பவில்லை.

நானும் எக்ஸ்ரே எடுத்தேன். உறையில் தழும்பு இருக்கிறதாம், புற்று இல்லை. வருஷா வருஷம் வரச் சொன்னார் டாக்டர். சிகரெட்டை விட்டுவிட்டேன், அந்த எரிச்சலில் எல்லாரையும் கடித்துக்கொண்டிருக்கிறேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அந்தத் தூளைக் கிளறிவிட்டு அங்கே மிரெல்லாவைப் படுக்க வைக்காதே.

ஒத்தாவியோ

வால்மோரா, 2 ஜூன் 1991

என் தங்கத் தம்பிக்கு,

பதில் போடவில்லை என்று கோபமா? அந்தச் சனிக்கிழமை உன் அத்தான் ஒரு வாளி அள்ளிவிட்டுக் கீழே வந்தார். சட்டையைக் கழற்றி, "இத உதறி ஊறப்போடு" என்று நீட்டினார். வாங்கி உதறப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை திங்கட்கிழமை அம்மா அப்பாவின் உடுப்பைத் துவைக்க இப்படி நின்றிருக்கிறாள்! அப்படியே சட்டையைத் தண்ணீரில் அமுக்கினேன், அவரைக் குளிக்கத் துரத்தினேன், பரணைப் பூட்டினேன்.

போன வாரம் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் ஆட்கள் முகமூடியும் வெள்ளை உடுப்புமாக வந்து தூளை நனைத்து, மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். எதிர்வீட்டு ஜெம்மா, "என்னடி, உங்க வீட்லேருந்து ராக்கெட்டு கிளம்புதா?" என்றாள். சொன்னேன். "ஐயோ, எங்க கோழிக்கூட்டுலயும் அதானே கிடக்கு!" என்று உட்கார்ந்துவிட்டாள். இப்போது தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் அவர்களை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நானும் எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றுமில்லை. வருஷா வருஷம் நானும் போவேன்.

நேற்று அப்பாவின் கல்லறைக்குப் போனேன். "உங்க மேல கோவம் இல்லப்பா" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இருக்குப்பா" என்று வந்துவிட்டது. வாய் ஓயும்வரை திட்டினேன், அழுதேன். பிறகு அவருக்கும் அம்மாவுக்கும் பூ வைத்துவிட்டு வந்தேன்.

மிரெல்லா அறைக்கு இன்னும் கதவு போடவில்லை. வேறு தச்சனைக் கூப்பிட மாட்டேன். வா.

உன் அக்கா,
தெல்ஃபீனா