எதைக் கேட்டாலும் ஆமா

அன்புள்ள அம்மா,

வணக்கம். உன் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? நான் சௌக்கியம். முன்னைவிடக் குண்டு, கவலைப்படாதே.

போன வாரம் வகுப்பில் என் மானம் கப்பலேறியது. தலையில் அடிபட்டுப் பேச்சிழந்த பஸ் டிரைவர் ஒருவரை முன்னால் உட்கார வைத்து, அவரைப் பேச வைத்துவிட்டதாக மாணவர்களிடம் பீற்றிக்கொண்டே கேள்வி கேட்டேன்.

"வலி குறைஞ்சிருக்கா?"

"ஆமா."

"உங்க சம்சாரத்தைத் தெரியுதா?"

"ஆமா."

மாணவர்கள் கைதட்டினார்கள். பேராசிரியரான எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது டிரைவரின் மனைவி எழுந்து வந்து, "ஏங்க, நான் செத்துப்போயிட்டேனா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார், அதே சிரிப்போடு.

"எதைக் கேட்டாலும் இதான் டீச்சர். கல்யாணமான நாள்லேருந்து இந்த வார்த்தைக்குத்தான் தவங்கெடந்தேன், இப்பப் போய் வருது!"

'இல்லை' என்று பதில் வரவேண்டிய கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது நானே நடத்தும் முதல் பாடம், அம்மா.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது, "பொண்ணு ஞாபகம் இருக்கா?" என்றதற்கு "ஆமா" என்றார் என எழுதியிருந்தாய். நான் இங்கே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

அவருடைய பழைய சட்டை ஒன்றை அனுப்பு. மேசை துடைக்க இங்கே நல்ல துணி கிடைப்பதில்லை. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. நான் ஒருத்திதானே உங்களுக்கு? "நமக்குப் பையன் இருக்கானா?" என்று அவரிடம் கேட்டுப் பார். அதற்கும் ஆமா என்றால் எனக்கு எழுதாதே.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்