வலிக்காது என்று சொன்னவளுக்கு

பீரோவில் மஞ்சள் புடவையைத் தேடும்போது அந்த ஸ்டாக்கிங்ஸ் கீழே விழுந்தது. தோல் நிறத்தில், தொடைவரை இழுத்துப் போடும் இறுக்கமான காலுறை. மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

நம் தாம்பரம் பள்ளியில் வகுப்புக்குள் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. டீச்சர் உட்கார்ந்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு. நீ கணக்கு, நான் தமிழ். இருவரும் நின்றே காலம் தள்ளினோம். என் இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்து, கணுக்காலுக்கு மேல் வந்த புண் ஆறவே மாட்டேன் என்றது. புடவையைத் தழையத் தழையக் கட்டி மறைத்தேன். ஒருநாள் கட்டு நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்தி விசாரித்தவள் நீதான்.

டாக்டர் லேசர் என்றார். நரம்புக்குள்ளே விட்டுச் சுடுவார்கள் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கால் விளங்காமல் போய்விட்டால்? அதற்கு வேலையையே விட்டுவிடலாம் என்று தோன்றியது.

"லூசாடி நீ? போன லீவுல நானே பண்ணிக்கிட்டேன். உங்கிட்டகூட சொல்லல. மரத்துப்போக ஊசி போடுவாங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான். காலைல போனா சாயங்காலம் நடந்தே வந்துடலாம்" என்றாய்.

நம்பினேன். மாடம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து நீயே கூட்டிப் போனாய். "நீங்களும் டீச்சரா மேடம்? அப்படியே உங்க காலையும் டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்" என்று நர்ஸ் சொன்னதும் காபி வாங்க ஓடிவிட்டாய். உள்ளே ஊசி குத்தியபோது உன்னைத்தான் திட்டினேன். முடிந்ததும் நடக்கச் சொன்னார்கள். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாய். டாக்டர் கொடுத்த இந்த உறையை ஜூன் வெயிலில் போடமாட்டேன் என்று நான் அடம்பிடித்தபோது, "எனக்கும் திரும்பப் போடச் சொல்லிட்டார்டி" என்று நீயும் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாய். என் புண் மெல்ல ஆறியது.

மாரடைப்பு உன்னைக் கொண்டுபோன அன்று, குளிப்பாட்டிய பெண்களோடு நானும் நின்றேன். கால்பக்கம் தண்ணீர் ஊற்றும்போதுதான் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, கெண்டைக்கால் முழுக்க நீல முடிச்சுகள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, அம்மா எப்போது லேசர் பண்ணிக்கொண்டாள் என்று உன் மகளிடம் கேட்டேன்.

"அம்மாவுக்கு லேசரா? ஊசியைப் பார்த்தாலே மயக்கம் போட்டுடுவாங்க ஆன்ட்டி" என்றாள் உன் மகள்.

அடிப்பாவி! கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. உன்னிடமே இல்லாத தைரியத்தை எனக்கு மட்டும் எங்கிருந்தடி கொண்டுவந்து கொடுத்தாய்? உண்மையைச் சொல்லியிருந்தால் இருவரும் பயந்துகொண்டே வேலையை விட்டிருப்போம். இன்றும் கடைசி பீரியட் வரை நின்று பாடம் எடுக்கிறேன் என்றால், அது நீ சொன்ன பொய்யின் புண்ணியம். நேரில் சொல்ல வாய்க்கவில்லை, ரொம்ப நன்றிடி.

உன் கால் உன் மகளுக்கும் வந்திருக்கிறது, உன் பயமும்தான். தேதி வாங்குவதும் தள்ளிப்போடுவதுமாக இருக்கிறாள். நேற்று போன் பண்ணி, "வலிக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். உன்னைப் போலச் சரளமாகப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஊசி போடும்போது வலிக்கும்மா. கதவுக்கு வெளியவே நான் உக்காந்திருப்பேன்" என்றேன்.

அப்புறம், "சனிக்கிழமை போலாமா?" என்றாள்.